வாயைக் கட்ட வேண்டியது யார்? எடைக் கவலையில் சிக்கிய பிள்ளைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

என் மகள் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஒரு தோசையைப் பதினாறு துண்டாகப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் நான்கு துண்டு, பிறகு எட்டு, அப்புறம் பதினாறு. எண்ணெய் பட்ட மொறுமொறு ஓரத்தைத் தனியே எடுத்துத் தட்டின் விளிம்பில் அடுக்கிவிடுவாள். அந்த ஒரு தோசை முடிவதற்குள் டிவியில் ஒரு சீரியலே முடிந்துவிடும். எனக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை. வயசுப் பிள்ளையின் அலட்டல் என்றுதான் நினைத்தேன். பயம் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சூப்பரா இளைச்சுட்டாளே, என்ன டயட்?"

அது உணவுக் கோளாறு, அதாவது சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய கவலை முற்றி நோயாகவே ஆகிவிடுவது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள். இதே கவலையோடு என்னிடம் பேசுகிற அம்மா அப்பாக்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் தாமதமாகப் போனவள். அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

எது இயல்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் சரசரவென்று வளர்கிறார்கள். பெரியவர்களானதும் இருக்கப்போகிற எடையில் ஏறக்குறைய பாதி இந்தப் பருவத்தில்தான் ஏறுகிறது. பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது, மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. சில பிள்ளைகள் முதலில் அகலமாகி அப்புறம் உயர்வார்கள். சிலர் மூங்கில் மாதிரி உயர்ந்துவிட்டு அப்புறம் சதை பிடிப்பார்கள். இரண்டு வகையும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் நம் ஊர் வேடிக்கை ஒன்று உண்டு. பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, இடுப்பு பலப்படணும் என்கிறோம். இரண்டு வருஷம் கழித்து அதே இடுப்பைப் பார்த்து "என்னடி இப்படி ஊதிட்டே" என்பதும் நாம்தான்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்க இணையத்தில் கிடைக்கும் பி.எம்.ஐ. கணக்கைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 18.5, 25 என்று வரும் எல்லைகள் பெரியவர்களுக்கானவை. ஐ.ஏ.பி. எனப்படும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, 5 முதல் 18 வயது வரையிலான நம் பிள்ளைகளுக்கென்று 2015இல் வளர்ச்சி வரைபடம் வெளியிட்டிருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அதில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். சின்ன வயதிலிருந்து ஒரே கோட்டை ஒட்டி வந்த பிள்ளை திடீரென்று கீழே இறங்கினால், பார்வைக்கு "அளவான உடம்பாக" இருந்தாலும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். நான் ஏமாந்தது இங்கேதான். என் மகள் கொஞ்சம் பூசினாற்போல இருந்தவள். அவள் இளைத்தபோது சரியான உடம்புக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது, நம் வாயைக் கட்டுவது

"வாயைக் கட்டு" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, முதலில் கட்ட வேண்டியது நம் வாயைத்தான். ஒரு வாரம் உங்கள் வீட்டுப் பேச்சைச் சும்மா கவனித்துப் பாருங்கள். யார் குண்டு, யார் ஓமக்குச்சி, யாருக்குத் தொப்பை, யார் கல்யாணத்துக்குள் எத்தனை கிலோ குறைக்க வேண்டும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு விசேஷத்துக்கும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து, "இந்த பிளவுஸ்ல பூசணிக்காய் மாதிரி இருக்கேன்" என்பேன். கட்டிலில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை நான் ஒரு நாளும் குண்டு என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. அதுவரை அங்கே திடமான உடம்புதான் அழகு. யாராவது இளைத்துப்போனால், பாவம் என்ன குறையோ என்று விசாரிப்பார்கள். நம் பாட்டிகள் "என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டே" என்று பதறுவது மாதிரி. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த வருஷமும் 1998லும் அங்கே பள்ளிப் பெண்களிடம் விசாரித்தார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் தடவை யாருமே சொல்லவில்லை. மூன்றே வருஷத்தில் 100க்கு 11 பேர் சொன்னார்கள். அது வெறும் டிவி. நம் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் உடம்பைப் பற்றிய பேச்சே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டல் மட்டுமல்ல, பாராட்டும் வேண்டாம். "ஒல்லியா அழகா இருக்கே" என்பதும் அதே தராசில் நிறுத்துவதுதான். சொந்தக்காரர்கள் வாயை மூட முடியாது, உண்மை. அதற்கு நான் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். நாத்தனார் வாசலிலேயே "கொஞ்சம் சதை போட்டிருக்காளே" என்று ஆரம்பித்தால், "அதை விடுங்க அண்ணி, அவ பரிட்சை நல்லா எழுதியிருக்கா, அதைக் கேளுங்க" என்பேன். பிள்ளை கேட்கும்படி சத்தமாகவே சொல்வேன். விசேஷத்துக்கு முன்னால் நெருங்கிய இரண்டு மூன்று பேருக்குப் போன் செய்து, "டாக்டர் சொல்லியிருக்கார், உடம்பைப் பத்தி எதுவும் பேசக் கூடாதாம்" என்று சொல்லிவைப்பதும் நன்றாக வேலை செய்யும். நாம் சொன்னால் கேட்காதவர்கள் டாக்டர் பெயரைச் சொன்னால் கேட்பார்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

"அம்மா, நான் குண்டா இருக்கேனா?"

இதற்கு ஆரம்பத்தில் நான் சொன்ன பதில்: "லூசாடி நீ? எலும்பும் தோலுமா இருக்கே." எலும்பும் தோலும் என்பதை அவள் சர்டிபிகேட் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "இல்லவே இல்லை" என்று சொன்னாலும் பயனில்லை. அரை மணி நேரத்தில் அதே கேள்வி திரும்ப வரும். கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரணை செய்யாதீர்கள். எங்களுக்கு ஸ்கூட்டர் உதவியது. முகம் பார்க்க வேண்டியதில்லை, பாதியில் எழுந்து போகவும் முடியாது. டியூஷனிலிருந்து வரும் வழியில் ஒரு நாள் கேட்டேன்.

"இன்னைக்கு யாராவது எதாவது சொன்னாங்களா கண்ணு?"

கொஞ்ச தூரம் பதில் இல்லை. சிக்னலில் நின்றபோது சொன்னாள். "பி.டி. பீரியட்ல வெயிட் பார்த்தாங்க. ஒவ்வொருத்தர் வெயிட்டையும் சத்தமா படிச்சாங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"ம்."

"எனக்கா இருந்தா அங்கேயே அழுதிருப்பேன்."

அவ்வளவுதான் பேசினோம். அறிவுரை சொல்லவில்லை. மறுநாள் வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, எடையைப் பார்த்தால் எழுதிக்கொள்ளுங்கள், வாய்விட்டுப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்கவில்லை. ஆனாலும் மாற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் கவனியுங்கள்

சாப்பிடாத பிள்ளை சமையல் வீடியோவாகப் பார்க்கும். தானே கேக் செய்து வீட்டில் எல்லாருக்கும் ஊட்டிவிட்டு, தான் ஒரு துண்டுகூடத் தொடாது. இது எனக்குப் புதிராக இருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்பவர் நடத்திய பரிசோதனையைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. திடகாத்திரமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் சமையல் குறிப்பு சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டில் இருந்ததை அளைந்து அளைந்து மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எப்போதும் குளிருகிறது என்றார்கள். என் மகளின் பதினாறு துண்டுத் தோசை அதில் அப்படியே இருந்தது. திமிர் என்று நான் நினைத்ததில் பாதி, பட்டினியின் வேலை. பட்டினி கிடக்கும் மூளையோடு வாதாடிப் பயனில்லை. முதலில் சோறு, வாதம் அப்புறம்.

வேறு அறிகுறிகள்: "ஸ்கூல்லயே சாப்பிட்டுட்டேன்" என்று அடிக்கடி சொல்வது. சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது. வெயிலிலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை. காய்ச்சல் என்றாலும் நடையை விடாத பிடிவாதம். சீப்பில் கொத்தாக முடி. தாடை ஓரம் வீக்கம், விரல் முட்டியில் காய்ப்பு (இந்த இரண்டும் அடிக்கடி வாந்தி எடுப்பதன் அடையாளமாக இருக்கலாம்). திடீரென்று சைவம், திடீரென்று வெள்ளி சனி விரதம். பக்தியைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் யாரும் கேட்காத விரதத்தைப் பதினாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், அது எதற்கு என்று பாருங்கள்.

இன்னொன்று நம் பக்கம் அதிகம் நழுவிப்போவது. எல்லாப் பிள்ளைகளும் "குண்டாயிடுவேன்" என்று சொல்வதில்லை. "வயிறு உப்புசமா இருக்கு, பசிக்கலை, கேஸ்" என்று மட்டுமே சொல்வார்கள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990களிலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். குண்டாகும் பயத்தைச் சொல்லவே மாட்டார்கள், ஆனாலும் உயிருக்கு ஆபத்தான அளவு இளைத்துப்போயிருப்பார்கள். வயிற்று டாக்டர், ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று மாதக்கணக்கில் அலைந்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால் இந்தப் பக்கமும் யோசியுங்கள்.

சாப்பாட்டு நேரம்

இதுதான் உண்மையான வேலை. தினமும் மூன்று வேளையும் செய்ய வேண்டிய வேலை.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள், பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, அதிகம் அலையாத பெரிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1660 கலோரி போதும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு 2400 வேண்டும், 16க்கு மேல் 2500. அதே வயதுப் பையன்களுக்கு 2860, 3320. அதாவது மகள் அம்மாவைவிடப் பாதி பங்கு கூடவே சாப்பிட வேண்டிய வயது அது. அம்மா இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால், மகளும் அதையே செய்வது அவளுக்குப் பட்டினி.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தின்பண்டம். பதினொரு மணிக்குக் கடலை மிட்டாய், சாயங்காலம் சுண்டலும் பாலும் என்கிற மாதிரி. நேரம் தவறக் கூடாது. தட்டில் போடுவது நீங்கள். அவள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தால் கரண்டி கணக்கு வந்துவிடும். நல்லது கெட்டது என்று சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். "உனக்காக அம்மா எவ்வளவு கஷ்டப்படறேன் பாரு" என்று அழுதால் குற்ற உணர்ச்சி கூடுமே தவிர இட்லி இறங்காது. நான் அழுதிருக்கிறேன், அதனால் தெரியும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அதே குரலில், எத்தனை தடவை ஆனாலும்: "கஷ்டமாத்தான் இருக்கும். இது இப்போ உனக்கு மருந்து. நான் பக்கத்துலயே இருக்கேன்." ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்த நாள் உண்டு. சாம்பார் ஆறி ஏடு படிந்துவிடும், சூடு பண்ணிக்கொண்டு வருவேன், திரும்ப உட்காருவேன்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியே விடாதீர்கள். தாயம் ஆடினோம், சீட்டு ஆடினோம், பழைய காமெடி போட்டுப் பார்த்தோம். (உடம்பை வைத்துக் கேலி செய்யாத காமெடியைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.)

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்ப சிகிச்சையின் சாரம் இது. பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், பிள்ளை தெம்பு பெறும்வரை சாப்பாட்டுப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திருப்பித் தருவது. ஒரு எச்சரிக்கை: பல வாரமாகச் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குத் திடீரென்று விருந்து மாதிரி வைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டர், அப்புறம் தட்டு.

போனும் எடை மெஷினும்

எடை மெஷினைப் பரண் மேல் போடுங்கள், அல்லது கொடுத்துவிடுங்கள். போனைப் பிடுங்குவது வேறு கதை. பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, டயட், ஜிம், "முன்னும் பின்னும்" படம் போடுகிற கணக்குகளை விலக்கி, வருகிற ரீல்களில் "ஆர்வமில்லை" என்று அழுத்திக்கொண்டே வாருங்கள். சில நாளில் நாய்க்குட்டியும் கோலமும் வர ஆரம்பிக்கும். கலோரி எண்ணும் ஆப் இருந்தால் அதை எடுத்துவிடுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டாக்டரிடம் எப்போது

இரண்டு மூன்று மாதத்தில் எடை நன்றாக இறங்கினாலோ, ஒழுங்காக வந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலோ, வாந்தி எடுப்பது தெரிந்தாலோ அந்த வாரமே போங்கள். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், பகலில் விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால், தண்ணீரும் வேண்டாம் என்றால், சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே, நேராக மருத்துவமனைக்கு. வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். அது வெளியே தெரியாது.

முதலில் குழந்தை மருத்துவர். எடை, உயரம், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் உப்புகள், தைராய்டு இதெல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முழுக்க நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டும். பிள்ளையைத் தராசில் திரும்பி நிற்க வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள், எண் அவள் கண்ணில் பட வேண்டாம். நாங்கள் முதலில் போன இடத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவளிடமே, "நல்லாத்தானே இருக்கே, இப்படியே மெயின்டெயின் பண்ணு" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வரிக்கு இரண்டு மாதம் விலை கொடுத்தோம். அதனால், பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் மட்டும் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். எப்போதிலிருந்து, என்ன சாப்பிடுகிறாள், மாதவிலக்கு தேதி, பழைய எடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் பாதி மறந்துவிடும்.

கூடவே மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ வேண்டியிருக்கும். "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரா" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால், சுளிக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன, செலவில்லாமல் பார்க்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்றே புரியாவிட்டால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி-மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பையன்கள் விஷயம்

பையன்களுக்கு இந்தப் பிரச்சினை தலைகீழாக வரும். என் அண்ணன் மகனை வகுப்பில் "ஈர்க்குச்சி" என்பார்கள். பதினாறு வயதில் ஜிம்மில் சேர்ந்தான். அப்புறம் வீட்டுச் சாம்பார் வேண்டாம், அவித்த கோழி நெஞ்சுக்கறியும் முட்டை வெள்ளையும் மட்டும். ஒரு நாள் ஜிம் போகாவிட்டால் அன்றைக்கு யாரிடமும் பேச மாட்டான். ஆண் பிள்ளை, உடற்பயிற்சிதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். முதுகு முழுக்கப் பரு கிளம்பி, பையில் ஊசி கிடைத்தபோதுதான் அண்ணிக்கு உறைத்தது. வளரும் வயதில் தசை ஏற்றுவதற்கான ஸ்டீராய்டு போட்டால் எலும்பின் வளரும் முனைகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும், உயரம் அத்தோடு நின்றுவிடும். விதை சுருங்கும், ஈரல் கெடும். ஊசியோ மருந்து டப்பாவோ கண்ணில் பட்டால், அதில் என்ன இருக்கிறது, யார் கொடுத்தார்கள் என்று பையனிடம் கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டால் அடுத்த டப்பா நண்பன் வீட்டில் இருக்கும்.

உண்மையிலேயே எடை கூடுதலாக இருந்தால்

வரைபடத்தைப் பார்த்து டாக்டரே சொன்னாலும், பிள்ளையை மட்டும் தனியே டயட்டில் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1999இல் வந்தது. கடுமையாக டயட் இருந்த பெண்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு, டயட் இல்லாதவர்களைவிட 18 மடங்கு அதிகமாக இருந்தது. சினைப்பையில் நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். வளரும் பிள்ளைக்குப் பல சமயம் எடையைக் குறைக்க வேண்டியதே இல்லை. ஏறாமல் நின்றால் போதும், உயரம் வந்து சரிசெய்துவிடும். பாட்டில் பானங்களை வாங்குவதை வீடு மொத்தமும் நிறுத்துவது, இரவு நேரத்தோடு தூங்குவது, சாப்பிட்டு முடித்து எல்லாருமாகத் தெருமுனை வரை நடப்பது. இதைச் செய்யும்போது எடை என்ற சொல்லே வர வேண்டியதில்லை. தம்பிக்கு வடையும் அக்காவுக்கு வெள்ளரிக்காயும் வைக்கிற வீட்டில், அந்த வடை இரவு பன்னிரண்டு மணிக்கு இருட்டில் நின்று தின்னப்படும்.

மறுபடியும் வருமா

வரலாம். பரிட்சைக் காலம், அக்கா கல்யாணம், காய்ச்சலில் இளைத்த ஒரு வாரம், காதல் முறிவு, எதிலிருந்தும் திரும்பத் தொடங்கலாம். எங்கள் வீட்டில் அடுத்த சோதனை கல்லூரி திறந்ததும் வருகிறது: ஹாஸ்டல். கூடத் தங்கப்போகும் தோழிக்கு விஷயம் தெரியும், மகளே சொல்லியிருக்கிறாள். மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று பேசிவைத்திருக்கிறார்கள். தினமும் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று எனக்கு ஆசை. "அம்மா, போலீஸ் வேலை பார்க்காதேம்மா" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் திரும்பி நின்று எடை பார்க்க வேண்டிய தேதிகளை மட்டும் இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.